பிரசிடெண்டு கையெழுத்து எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பிரசிடெண்டு என்றால் ஊராட்சித் தலைவர்தான். ஒன்றியத்துக்குச் சேர்மன், கோயில் வரிக்கு நாட்டாமை. டெல்லியில் இருப்பவரை ஜனாதிபதி என்றுதான் சொல்வோம். பாளையங்கோட்டையில் சிவில் வழக்குகள் நடத்தும் எனக்கு இந்தப் பிரசிடெண்டின் முத்திரையைப் பார்க்காமல் வாரம் கழிவதில்லை. மானூர், நாங்குநேரி பக்கமிருந்து சொத்துத் தகராறோடு வருகிறவர்கள் மடித்துவைத்த தாளை நீட்டி, "பிரசிடெண்டே கையெழுத்துப் போட்டிருக்காவ, பிறகென்ன?" என்பார்கள்.

தாள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். 20 ரூபாய் பத்திரம். மூத்தவருக்குக் கிழக்குப் பக்கத்து வீடு, நடுவுள்ளவருக்குக் குளத்துப் பாசன வயல், இளையவருக்குத் தோட்டமும் கிணற்றில் பங்கும். கீழே அண்ணன் தம்பிகளின் கையெழுத்து. ஓரத்தில் ஊதா மையில் ஊராட்சியின் வட்ட முத்திரை. பங்கை நியாயமாகவே பிரித்திருப்பார்கள். "இன்று முதல் கீழ்க்கண்டபடி அவரவர் அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று ஒரு வரி வரும் பாருங்கள், வில்லங்கம் அங்கேதான்.

ஏற்கெனவே வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டதைப் பின்னால் நினைவுக்காக எழுதிவைத்தால் அதைப் பதிய வேண்டியதில்லை. அந்தத் தாளே சொத்தைப் பிரிக்கிறது என்றால் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி பதிவு கட்டாயம். பதியாவிட்டால் அதை வைத்து இது என் பங்கு என்று நிரூபிக்க முடியாது. முத்திரைத் தீர்வையும் குறைவாக இருக்கும். கோர்ட்டில் அதைச் சான்றாகக் காட்ட, குறைந்த தீர்வையோடு அதைப்போல் பத்து மடங்கு அபராதமும் கட்ட வேண்டும். கட்டினாலும் பதியாத குறை போகாது. யார் எந்தப் பக்கத்தை அனுபவித்து வந்தார்கள் என்று காட்டும் அளவுக்குத்தான் உதவும்.

அப்போ பிரசிடெண்டு கையெழுத்து? அவர் ஒரு சாட்சி, அவ்வளவுதான். எதிரே டீக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி போட்டிருந்தாலும் சட்டத்தில் அதே மதிப்புதான்.

இந்தத் தாள்களில் சகோதரிகளின் கையெழுத்து அநேகமாக இருக்காது. கேட்டால், "அதான் நகை போட்டுக் கட்டிக்குடுத்தாச்சே" என்பார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை தந்துவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முடிந்த பாகப்பிரிவினையை அது தொடாது என்பது உண்மைதான். ஆனால் பதிவு செய்த பத்திரமோ கோர்ட் தீர்ப்பாணையோ இருந்தால்தான் அங்கே அது பாகப்பிரிவினை. வாய்மொழிப் பிரிவினையை அரிதாக, பொது ஆவணங்கள் துணை நின்றால் மட்டுமே ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொன்னது. 1998இல் பிரசிடெண்டு முன்னிலையில் எழுதிய தாள் இதில் எந்தப் பக்கம் விழும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நாலுவழிச் சாலை வந்து செண்ட் விலை ஏறிய பிறகுதான் பெரும்பாலும் சகோதரியிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வருகிறது. அதில் தப்பும் இல்லை, அவள் பங்கு அவள் பங்குதானே.

மனை வாங்குகிறவர்களுக்கும் இதே கதைதான். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று புரோக்கர் காட்டும் வரைபடத்தில் பிரசிடெண்டு முத்திரை மட்டும் இருந்தால் போதாது. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும். 2016 அக்டோபர் 20 வரை அந்த ஒப்புதல் இல்லாமல் விற்றுப் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் அரசு விதிகள் கொண்டுவந்தது. பழைய மனை என்றால், வரன்முறை ஆணை கையில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

பிரசிடெண்டுக்கு அதிகாரமே இல்லை என்று சொல்லவில்லை. ஊராட்சியின் நிர்வாகப் பொறுப்பு அவருடையது. கிராம சபையைக் கூட்டுவது அவர். துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் ஊராட்சிக் காசோலை பாஸாகும். வீட்டு வரி, குடிநீர் இணைப்பு என்றால் ஊராட்சி அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் வீட்டு வரி ரசீது சொத்துப் பத்திரம் ஆகாது. வாரிசுச் சான்றிதழ் தருவது தாசில்தார். அப்புறம், பெண்கள் தலைவராக இருக்கும் ஊரில் மனுவை அந்த அம்மாவின் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். அவருக்கு எந்தப் பதவியும் கிடையாது. அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு எழுதி வாங்குங்கள்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தாள் இருந்தால், பங்காளிகள் பேச்சுவார்த்தையில் இருக்கும்போதே சகோதரிகளையும் சேர்த்துக்கொண்டு பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். பங்கு வேண்டாம் என்கிற சகோதரி அதை வாயால் சொன்னால் போதாது, விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். பழைய தாளைக் கிழித்துப் போடாதீர்கள், அனுபவத்தைக் காட்ட உதவும். லேமினேஷனும் வேண்டாம். நாளைக்கு யாராவது இது என் கையெழுத்தே இல்லை என்று மறுத்தால், நிபுணர் சோதிப்பதற்கு அது இடைஞ்சலாகிவிடும்.