விட்டகுறை தொட்டகுறை: பழைய ஒன்லைன் விளையாட்டு ஏன் திரும்பக் கூப்பிடுகிறது?

கனடாவிலிருந்து லீவுக்குத் திருகோணமலை வந்தவர், கார்த்திகை மழையில் வெளியே போக வழியில்லாமல் தன் பழைய அறையில் இருக்கிறார். அதே மேசை, அதே பிளாஸ்டிக் கதிரை, யன்னலால் வரும் அதே உப்புக் காற்று. பத்து வருடமாக நினைத்தும் பாராத ஓர் ஒன்லைன் விளையாட்டு திடீரென்று ஞாபகத்துக்கு வருகிறது. லொகின் திரையின் இசைகூடக் காதில் கேட்கிறது. பழைய கடவுச்சொல்லை விரல்கள் தேடத் தொடங்குகின்றன.

இதை மனவுறுதிக் குறைவு என்று சொல்வது அநியாயம். ஒரு பழக்கத்தை விடும்போது மூளை பழைய பாடத்தை அழிப்பதில்லை. "இப்போது இதனால் பலனில்லை" என்று இன்னொரு பாடத்தை அதன் மேல் எழுதுகிறது. ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவ் இதைத் தன் நாய்களிலேயே கண்டார். ஒரு சத்தத்தோடு சாப்பாடு வரும் என்று பழகிய நாய்க்குச் சத்தம் கேட்டாலே எச்சில் ஊறும். சாப்பாடு கொடுக்காமல் சத்தத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தால் எச்சில் ஊறுவது நின்றுவிடும். கொஞ்சக் காலம் விட்டு அதே சத்தத்தைக் கேட்டால் மறுபடி ஊறும். பின்னாளில் மார்க் பௌட்டன் என்ற உளவியலாளர் காட்டியது இன்னும் முக்கியம்: அந்த இரண்டாவது பாடம் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது. டொரொன்டோவில் விட்ட விளையாட்டு டொரொன்டோவில்தான் விடப்பட்டிருக்கிறது. திருகோணமலை அறையில் முதல் பாடம் அப்படியே கிடக்கிறது.

முதல் பாடம் ஏன் இவ்வளவு ஆழமாகப் பதிந்தது? வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களை அளந்தபோது, தொடக்கத்தில் அவை பழச்சாறு கிடைத்த கணத்தில் துடித்தன. சாறு வருமுன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு கற்ற பிறகு, துடிப்பு விளக்குக்கு இடம் மாறிவிட்டது. சாறு வந்தபோது சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், அது வரவேண்டிய நேரத்தில் வழமையைவிடக் கீழே இறங்கின. லொகின் இசைதான் நம் விளக்கு. ஆசை அங்கேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. கென்ட் பெரிட்ஜ் என்ற ஆய்வாளர் இதிலிருந்து ஒரு படி மேலே போனார்: டோபமின் அற்றுப்போன எலிகளும் இனிப்பை வாயில் விட்டால் ருசித்தன, ஆனால் அதைத் தேடிப் போகவில்லை. வேண்டும் என்ற தவிப்பும் பிடித்திருக்கிறது என்ற இன்பமும் மூளையில் இரு வேறு ஏற்பாடுகள். தவிப்பு மட்டும் தனியாக உயிரோடிருக்க முடியும். திரும்பிப் போகிற பலருக்கும் நடப்பது இதுதான்.

இந்த விளையாட்டுகளின் பரிசு முறை தவிப்பை இன்னும் இறுக்குகிறது. ஒரு பூதத்தைக் கொன்றால் அபூர்வ வாள் கிடைக்கும் வாய்ப்பு 1% என்று வையுங்கள். நூறு முறை கொன்றால் கட்டாயம் கிடைக்கும் என்று மனம் கணக்குப் போடும். உண்மையில் நூறு முறைக்குப் பிறகும் 37% பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். முந்நூறுக்குப் பிறகும் ஏறக்குறைய 5% பேர். எப்போது வரும் என்று தெரியாத பரிசு பழக்கிய நடத்தை மிக மெதுவாகத்தான் அணையும் என்பதை உளவியலாளர் ஸ்கின்னரின் ஆய்வகம் 1950களிலேயே காட்டிவிட்டது.

விலகியிருப்பதற்கே பரிசு வைக்கும் வடிவமைப்பும் உண்டு. 2004 இல் வெளியான 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்'டில் கதாபாத்திரத்தை விடுதியில் படுக்கவைத்து வெளியேறினால், எட்டு மணி நேரத்துக்கு ஒரு மட்டத்தின் (லெவல்) 5% அளவு 'ஓய்வு அனுபவம்' சேரும். உச்சவரம்பு ஒன்றரை மட்டம், அதாவது பத்து நாள். அது தீரும்வரை ஒவ்வொரு கொலைக்கும் இரட்டிப்புப் புள்ளி. திரும்பி வருபவருக்கு இலை போட்டுப் பந்தி தயாராக இருக்கிறது.

எங்கள் பார்வையில் எல்லாவற்றையும்விட வலிய இழுப்பு, தமிழில் எப்போதோ பெயர் வைத்துவிட்ட விட்டகுறை தொட்டகுறைதான். இடையில் தடுக்கப்பட்ட வேலையை, யாரும் கேட்காமலே மனிதர்கள் மீண்டும் எடுப்பதை உளவியலாளர் மரியா ஓவ்சியாங்கினா 1928 இல் பதிவுசெய்தார். இந்த வகை விளையாட்டுக்கு முடிவு என்று ஒன்று இல்லை. எந்த நாளில் விட்டாலும் இடையில்தான் விட்டிருப்பீர்கள். அதோடு கெட்ட நினைவுகளின் கசப்பு நல்லவற்றின் இனிப்பைவிட வேகமாக மங்குகிறது. நெட் கஃபேயில் கரண்ட் போய்க் கை நழுவிய வெற்றியின் எரிச்சல் மறந்துவிடும். பக்கத்துக் கதிரையில் இருந்தவனின் கூச்சல் நிற்கும்.

2019 ஓகஸ்ட்டில் 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்' நிறுவனம் அந்த விளையாட்டின் 2006 ஆம் ஆண்டு வடிவத்தை 'கிளாசிக்' என்று மறுபடி திறந்தது. முதல் தடவை, வெளியாகி ஐந்து மாதம் கழித்துத்தான் வீழ்ந்த ரக்னரோஸ் என்ற பெரும் பூதம், இம்முறை ஒரு வாரத்துக்குள் வீழ்ந்தது. உலகம் அச்சுப் பிசகாமல் திரும்பி வந்தது. அதைப் பற்றிய அறியாமை திரும்பவில்லை. ஆச்சரியம் இல்லாத பரிசுக்கு டோபமின் அணுக்கள் சும்மா இருந்துவிடும் என்பதை ஷுல்ட்ஸின் குரங்குகளில் பார்த்தோமே.

போய்ப் பார்ப்பது என்று முடிவெடுத்தால், முதல் தடங்கல் பழைய கொம்பியூட்டர். கடலோர ஈரமும் உப்பும் ராம் எனும் நினைவக அட்டையின் தொடுமுனைகளில் படலம் கட்டும். இயந்திரம் பீப் அடித்து நின்றுவிடும். வயரைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி மிச்ச மின்னை இறக்குங்கள். ராமை எடுத்து, பொன்னிற முனைகளைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களை ஊதிவிட்டு மாட்டுங்கள். அடுத்தது தாய்ப்பலகையில் திகதியையும் நேரத்தையும் காக்கும் சிஆர்2032 என்ற சிறு பற்றரி. அது செத்திருந்தால் திகதி பல வருடம் பின்னால் போய்விடும். சேவையகத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் "இன்னும் தொடங்கவில்லை" என்று நினைத்துக் கணினி இணைப்பை மறுக்கும். பலர் கடவுச்சொல் பிழை என்று அலைவது இங்கேதான். பற்றரியை மாற்றித் திகதியைச் சரிசெய்தால் போதும்.

100 ஜிபி பதிவிறக்கத்துக்கு நொடிக்கு 10 மெகாபிட் இணைப்பில் 22 மணி நேரம் பிடிக்கும். இரவு டேட்டாவை நம்பினால் மூன்று நாலு இரவு. அந்தக் காத்திருப்பில்தான் தவிப்பு உச்சம், ஆகவே அந்த இரவுகளில் எதற்கும் காசு கட்டாதீர்கள். இறங்கி முடிந்த பிறகு ஒரு மாதச் சந்தா மட்டும் எடுத்து, தானியங்கிப் புதுப்பித்தலை அன்றைக்கே நிறுத்துங்கள். பழைய கதாபாத்திரத்தோடு தொடங்கவும் வேண்டாம்: பை நிறைய என்னவென்று தெரியாத பொருட்கள், பாதியில் நிற்கும் பணிகள், மறந்துபோன விசைகள். புதியதொன்றை முதல் மட்டத்திலிருந்து எடுத்தால் கை இரண்டு மணி நேரத்தில் பழகிவிடும். "இந்தப் பணி முடிய எழும்புவேன்" என்பது எல்லை ஆகாது, ஒரு பணி இன்னொன்றைத் திறக்கும். அலாரம் வைத்த போனை அறையின் மறுமூலையில் வையுங்கள்.

கட்டுப்பாடு தவறி, வேலையும் உறவும் கெட்டும் விளையாட்டு தொடர்ந்தால் அது வேறு நிலை. உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் அதை ஒரு கோளாறாக வகைப்படுத்துகிறது. பொதுவாக 12 மாத அறிகுறிகளைப் பார்ப்பார்கள். இலங்கையில் 1926 என்ற மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம்.

உள்ளே போனதும் முதலில் நண்பர் பட்டியலைத் திறவுங்கள். பெரும்பாலான பெயர்கள் சாம்பல் நிறத்தில் இருக்கும். பக்கத்தில் 'கடைசியாக வந்தது' என்று வருடக் கணக்கு. அவற்றில் ஒரு பெயரைப் பார்த்து நெஞ்சு அசைந்தால், கூப்பிட்டது யார் என்று தெரிந்துவிட்டது. அவருடைய போன் இலக்கம் ஊரில் யாரிடமாவது இருக்கும்.