ஸ்பானிய மொழியின் 'சு': விற்கப்பட்டது யாருடைய வீடு?

ஸ்பானிய மொழியைக் கற்பிப்பதும், அம்மொழிக் கடிதங்களின் தமிழாக்கங்களைச் சரிபார்ப்பதும் என் தொழில். அவ்வேலையில் நான் திருத்தும் பிழைகளில் பல, கடினமான வினைவடிவங்களால் அல்ல, நம் எழுத்தில் ஓரெழுத்து ஒருமொழியாக அடங்கிவிடும் 'சு' என்னும் சொல்லால் விளைபவை.

அவனுடைய, அவளுடைய, அவர்களுடைய, மரியாதையாக விளிக்கும்போது உங்களுடைய என்ற இத்தனைக்கும் ஸ்பானியத்தில் 'சு' ஒன்றுதான். உடைமை பன்மையானால் 'சுஸ்' ஆகும். உடையவர் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்பதை அது காட்டுவதே இல்லை. 'ஹுவான் வெந்தியோ சு காசா' என்ற வரியைக் கண்டதும் 'ஹுவான் தன் வீட்டை விற்றான்' என்று எழுதக் கை முந்தும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அதே வரி, வெளியூரில் வாழும் உரிமையாளருக்கு அவருடைய வழக்கறிஞர் எழுதிய கடிதத்தில் வந்திருந்தால், விற்கப்பட்டது 'உங்கள் வீடு' ஆகவும் இருக்கலாம். தமிழில் 'தன்' வேறு, 'அவன்' வேறு. லத்தீனிலும் 'சுவுஸ்', 'எயுஸ்' என்று இவ்வேறுபாடு இருந்தது. 'எயுஸ்' வழக்கொழிந்தபின் அதன் வேலையையும் 'சுவுஸ்' வழிவந்த 'சு'வே சுமக்கிறது. லத்தீன் அமெரிக்காவில் இந்தச் சுமை இன்னும் கூடுதல். ஸ்பெயினில் நெருக்கமானவர்கள் பலரை நோக்கிப் பேசும்போது 'உங்களுடைய' என்பதற்கு 'புவெஸ்த்ரோ' என்ற தனிச்சொல் உண்டு. லத்தீன் அமெரிக்காவில் அதற்கும் 'சு'தான்.

ஐயம் எழும் இடங்களில் அம்மொழியினரே 'லா காசா தெ எய்யா' (அவளுடைய வீடு), 'லா காசா தெ உஸ்தெத்' (உங்கள் வீடு) என்று பிரித்துச் சொல்வார்கள். எழுதியவர் அப்படிப் பிரிக்காதபோது முன்பின் வரிகளைப் படித்தே முடிவு செய்ய வேண்டும். சொத்து ஆவணமென்றால், கூச்சப்படாமல் எழுதியவரிடமே கேட்டுவிட வேண்டும்.

உடலுறுப்புகளில் பிழை எதிர்த்திசையில் நேர்கிறது: தேவையற்ற இடத்தில் உடைமைச்சொல் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு 'மி கபேசா' (என் தலை) என்று தொடங்கும் மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். ஸ்பானியத்தில் 'மெ துவெலெ லா கபேசா' என்பதே இயல்பு. 'எனக்குத் தலை வலிக்கிறது' என்று வீட்டில் நாம் சொல்வதற்கு மிக நெருங்கிய அமைப்பு அது. யாருடைய தலை என்பதை நம் நான்காம் வேற்றுமை சொல்லிவிடுவதுபோல், அங்கே 'மெ' சொல்லிவிடுகிறது. 'மெ லாவோ லாஸ் மானோஸ்' என்பதிலும் 'என்' கிடையாது. 'கை கழுவுகிறேன்' என்கையில் நாமும் அதைச் சேர்ப்பதில்லை.