செப்பனிடல்: தண்டவாளத்துக்கு எதற்கு மறுவாழ்வு?

பாளையங்கோட்டையில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி மொழிபெயர்ப்புகளை வாசித்துப் பார்ப்பதுண்டு. சென்ற கூட்டத்தில் ஒரு தம்பி, அமெரிக்க ரயில்வே பற்றிய கட்டுரை ஒன்றின் தமிழாக்கத்தை வாசித்தார். “கிராமப்புறச் சரக்கு ரயில் பாதைகளை மாநில அரசு கையகப்படுத்தி, அவற்றுக்கு மறுவாழ்வு அளித்தது” என்று ஒரு வரி வந்தது. என் பக்கத்தில் இருந்தவர் செங்கோட்டைப் பாதையில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மெல்லக் குனிந்து, “தண்டவாளம் குடித்துக் கெட்டுப்போயிற்றா அண்ணாச்சி?” என்றார்.

சிரித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் எரிச்சல் அடங்கவில்லை. இதே மறுவாழ்வு ஒரு பாலத்துக்கும், ஒரு குளத்துக்கும், கடைசியில் ஒரு சாக்கடைக் குழாய்க்கும் அளிக்கப்பட்டதை ஏற்கெனவே படித்துத் தொலைத்திருக்கிறேன்.

மூலத்தில் இருந்த சொல் ரீஹாபிலிடேஷன். லத்தீனில் ஹாபிலிஸ் என்றால் தகுதியான, கைக்கு வாகான என்று பொருள். முன்னால் ‘ரீ’ சேர்ந்தால் மீண்டும் தகுதியாக்குதல். பட்டமும் பதவியும் பறிபோனவருக்கு அவற்றைத் திருப்பித் தருவதை முதலில் குறித்தது. பிறகு நோயாளி, கைதி என்று நகர்ந்து, கட்டடம், சாலை வரை வந்து சேர்ந்தது. வேரில் ‘வாழ்வு’ எங்கும் இல்லை. சொல் வரலாறு இவ்வளவு போதும்.

ரயில் பாதையில் அந்தச் சொல்லுக்கு என்ன வேலை என்பதுதான் முக்கியம். அந்த வரி பேசுவது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைப் பற்றி. அதன் கிழக்கே பலூஸ் என்றொரு கோதுமைச் சீமை இருக்கிறது. அங்கே தனியார் கம்பெனியிடம் இருந்த ஏறத்தாழ 300 மைல் கிளைப் பாதைகளை மாநில அரசு 2004இலும் 2007இலுமாக விலை கொடுத்து வாங்கியது. வண்டி ஓட்டுவதை மட்டும் தனியாரிடம் விட்டது. அந்த நாட்டு விதிப்படி, முதல் வகுப்புப் பாதையில் சரக்கு வண்டி மணிக்கு 10 மைலைத் தாண்டக் கூடாது; இரண்டாம் வகுப்பில் 25, மூன்றாம் வகுப்பில் 40. (அங்கே முதல் வகுப்பு என்றால் அடிமட்டம். நம் டிக்கெட் கணக்கோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) வேகம் ஒரு பக்கம், பாரம் ஒரு பக்கம். பழைய வேகன் சரக்கோடு 263,000 பவுண்டு என்றால் இப்போதையது 286,000 பவுண்டு, அதாவது சுமார் 130 டன். தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் மக்கிய ஸ்லீப்பர் கட்டையும் தேய்ந்த தண்டவாளமும் அதைத் தாங்காது. ஆகவே கட்டையை மாற்றி, ஜல்லி கொட்டி, மட்டம் பார்த்து, பாதையை 25 மைலுக்கும் புதிய பாரத்துக்கும் ஏற்றதாக ஆக்குகிறார்கள். ரீஹாபிலிடேஷன் என்பது இதுதான்.

இதை மறுவாழ்வு என்றால் வாசகன் மனத்தில் என்ன எழும்? போதை மறுவாழ்வு மையம். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். அகதிகள் முகாம் என்றிருந்ததை 2021இல்தான் அப்படி மாற்றினார்கள், நல்ல மாற்றம். வீடிழந்தவர், உறவிழந்தவர், தன்னை இழந்தவர் என்று இழப்பைச் சந்தித்த மனிதருக்கு உரிய சொல் அது. ஜல்லிக்கும் போல்ட்டுக்கும் அதைச் செலவழித்தால், நாளை முகாமில் இருப்பவரைப் பற்றி எழுதும்போது அதில் என்ன கனம் மிஞ்சும்?

கூட்டத்தில் இதைச் சொன்னபோது தம்பி விடவில்லை. “செத்துப்போன பாதைக்கு உயிர் கொடுக்கிறார்கள், உருவகமாக எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா” என்றார். அங்கேதான் தப்பு. அந்தப் பாதைகள் சாகவில்லை. 10 மைல் வேகத்தில், நம்மூர் மாட்டுவண்டியோடு போட்டி போடுவதுபோல், கோதுமை வண்டி ஊர்ந்துகொண்டுதான் இருந்தது. அந்த மொழிபெயர்ப்பைப் படிப்பவன், மூடிக்கிடந்த பாதையைத் திறந்தார்கள் என்றுதான் நினைப்பான். உண்மையிலேயே கைவிட்ட பாதையை மீண்டும் திறந்தால், ‘மீண்டும் திறந்தார்கள்’ என்று எழுதலாமே. உருவகம் அழகாக இருக்கிறது என்பதற்காகச் செய்தியை மாற்றலாமா? நம் மொழிபெயர்ப்பாளர்களில் பலர் அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள். யாராவது கேட்டால் பிறகு அதற்கு உருவகம் என்று பெயர் வைக்கிறார்கள்.

சரி, மறுசீரமைப்பு? அதை நிர்வாகத்தார் பிடித்துக்கொண்டார்கள். ‘துறை மறுசீரமைப்பு’ என்று சுற்றறிக்கை வந்தால் இருபது பேர் நாற்காலியைத் தேடுவார்கள். மாநிலங்களின் எல்லைப் பிரிப்புக்கும் அதே சொல். புனரமைப்பில் கோயில் திருப்பணி வாசனை அடிக்கிறது. இடிந்ததைத் திரும்பக் கட்டுவது அது. வெறும் சீரமைப்பு பரவாயில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருச்செந்தூர் பாதையில் ஜல்லி அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியதும், ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலோடு நூற்றுக்கணக்கானோர் சிக்கிக்கொண்டதும் நினைவிருக்கும். அப்போது எல்லாப் பத்திரிகையும் சீரமைப்பு என்றுதான் எழுதியது, சரியாகவும் இருந்தது. ஆனால் அது ஒரே இரவில் வந்த சேதம். பலூஸில் நடந்தது பல வருட அலட்சியத்தின் பலன்.

கேங்மேன் நண்பர் ‘மராமத்து’ என்றார். எனக்கும் அந்தச் சொல்மேல் சபலம் உண்டு. அரபியில் பிறந்து, பாரசீகம், உருது வழியாக வந்தாலும், தாமிரபரணிக் கால்வாய்களில் குளித்து இந்த ஊர்ச் சொல்லாகிவிட்டது. ஊரார் கூடிக் கால்வாயும் குளமும் தூர்வாரும் குடிமராமத்தை அறியாத சம்சாரி இங்கே உண்டா? வராதவரை வரவழைக்கச் சென்னை மாகாணத்தில் 1858இல் ஒரு கட்டாய உழைப்புச் சட்டமே போட்டார்கள். தனித்தமிழ் அன்பர்கள் மராமத்தைக் கண்டால் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கு அந்தத் தீட்டு இல்லை. என் தடை வேறு. மராமத்து ஆண்டுதோறும் பார்ப்பது. அதைப் பல ஆண்டு பார்க்காமல் விட்டதன் கடனை மொத்தமாகத் தீர்ப்பதுதான் ரீஹாபிலிடேஷன்.

நான் சொல்வது செப்பனிடல். செம்மையில் பிறந்த செப்பம். ‘செப்பம் உடையவன்’ என்று 112ஆம் குறளில் வரும்போது அது நடுவுநிலைமை. பழைய அகராதிகளில் இதற்கு நேரான வழி, தெரு என்ற பொருளும் உண்டு. பாதையைப் பற்றிய பேச்சுக்கு இதைவிட என்ன வேண்டும்? கேங் வேலையில் மூத்தவர் தண்டவாளத்தின் மேல் குனிந்து, ஒரு கண்ணைச் சுருக்கி, அது நேராக ஓடுகிறதா என்று பார்ப்பார். அவர் பார்ப்பது செப்பம்தான். ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன்: நெடுஞ்சாலைக் குழியில் இரண்டு சட்டி தார் ஊற்றுவதற்கும் செப்பனிடல் என்று போர்டு வைக்கிறார்கள். அதனால் ‘முழுமையாகச் செப்பனிடல்’ என்று ஒரு சொல் கூடப் போட்டுக்கொள்ளலாம். காகிதம் குறைந்துவிடாது.

மறுவாழ்வைத் திட்டிய வேகத்தில் கையகப்படுத்தலை விட்டுவிடக் கூடாது. நாலுவழிச் சாலைக்கு நிலம் போன எந்த ஊரிலும் கேட்டுப் பாருங்கள். கையகப்படுத்தல் என்றால் நோட்டீஸ், அளவைக் கல், நில எடுப்பு வட்டாட்சியர். விற்பவன் சம்மதம் அதில் இல்லை. வாஷிங்டன் அரசு பறிக்கவில்லை, பேரம் பேசி வாங்கியது. வண்டி ஓட்டுவது தனியார் என்பதால் நாட்டுடைமை என்பதும் முழுதாகப் பொருந்தாது. வாங்கியது என்ற எளிய சொல்லுக்கு என்ன குறை? நம் பக்கத்தில் திசையன்விளையிலிருந்து குலசேகரன்பட்டினம் வழியாகத் திருச்செந்தூர் வரை செம்மணல் தேரிக்காட்டில் ஒரு குட்டி ரயில் ஓடியது, இரண்டடி அகலப் பாதை. 1915 வாக்கில் ஒரு சர்க்கரைக் கம்பெனி போட்டது, 1940இல் நின்றுபோனது. அதை வாங்கி ஓட்ட யாரும் வரவில்லை. ‘வாங்குதல்’ என்ற சொல்லின் கனம் தெரிய அந்தத் தேரி மணலைப் பார்த்தால் போதும்.

கூட்டம் கலையும் முன் வரியை மாற்றி எழுதிக் கொடுத்தேன்: “கிராமப்புறச் சரக்கு ரயில் பாதைகளை மாநில அரசு விலைக்கு வாங்கி, முழுமையாகச் செப்பனிட்டது.” தம்பி அரை மனத்தோடு குறித்துக்கொண்டார். கேங்மேன் நண்பர் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, “கட்டை மரமா, கான்கிரீட்டா?” என்று கேட்டார்.