பழைய குடித்தனம் விட்டுப்போகும் புரதங்கள்

பூனையே இல்லாத வீட்டுக்குக் குடிபோன முதல் வாரத்தில் பூனை அலர்ஜி வருவது உண்டு. அலர்ஜியைத் தூண்டுவது பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் ஊறும் ஃபெல் டி 1 என்ற புரதம். பூனை உடம்பை நக்கும்போது அது மயிரில் படிகிறது. காய்ந்ததும் தோல் செதிலோடு உதிர்ந்து, காற்றில் மிதந்து, சுவர், திரைச்சீலை, அலமாரியின் உட்பக்கம் என்று போன இடமெல்லாம் ஒட்டிக்கொள்கிறது. பூனையை மட்டும் வெளியேற்றிவிட்டு வேறெதுவும் செய்யாமல் விட்ட வீடுகளில், இந்தப் புரதத்தின் அளவு பூனை வளர்க்காத வீட்டின் நிலைக்கு இறங்க ஐந்தாறு மாதங்கள் ஆனதை அளந்து பார்த்திருக்கிறார்கள்.

தூசு உண்ணி (வீட்டுத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத சிறு உயிரி), கரப்பான், எலி, பூஞ்சை எல்லாவற்றிலும் நிலைமை இதுதான். உயிரி போய்விடும் அல்லது செத்துவிடும், அதன் புரதம் தங்கிவிடும். நம் உடலில் மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களின் மேல் உட்கார்ந்திருக்கும் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள்கள் அந்தப் புரதத்தின் வடிவத்தைத்தான் அடையாளம் காண்கின்றன. அது உயிருள்ள பூச்சியிலிருந்து வந்ததா, எப்போதோ செத்ததிலிருந்து வந்ததா என்பது அவற்றுக்கு ஒன்றுதான். அடையாளம் கண்டதும் செல் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டும், மூக்கு ஒழுகத் தொடங்கும். ஆகவே எதை அடித்தால் சாகும் என்று யோசிப்பதில் பாதி வேலைதான் முடிகிறது. மிஞ்சும் புரதத்தை வீட்டைவிட்டு எப்படி வெளியே கொண்டுபோவது என்பதுதான் மீதிப் பாதி, பெரும்பாலும் கடினமான பாதி. சாவி கைக்கு வந்து, சாமான் இன்னும் இறங்காத அந்த இரண்டு மூன்று நாள்தான் அதற்குச் சரியான நேரம். கட்டிலும் பீரோவும் வந்து உட்கார்ந்த பிறகு அதே வேலைக்குப் பல மடங்கு நேரமாகும், பாதி மூலைகளுக்குக் கை எட்டாது.

துகளின் அளவு தெரிந்தால் மற்றதெல்லாம் புரியும். அசைவற்ற காற்றில் ஒரு சிறு துகள் விழும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விட்டமுள்ள துகள் 2 மீட்டர் உயரத்திலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தரைக்கு வந்துவிடும். 10 மைக்ரான் என்றால் ஏறத்தாழ 11 நிமிடம். 2 மைக்ரான் துகளுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும், 1 மைக்ரானுக்கு அரை நாளுக்கும் மேல். தூசு உண்ணியின் கழிவுத் துகள்கள் பெரும்பாலும் 10 முதல் 40 மைக்ரான் வரை இருப்பவை. மெத்தையைத் தட்டினால் எழும், அரை மணிக்குள் படியும். பூனைப் புரதத்தில் கணிசமான பங்கு 5 மைக்ரானுக்கும் சிறிய துகள்களில் ஏறி வருவதால், அது எப்போதும் காற்றில் கொஞ்சமாவது இருந்துகொண்டே இருக்கும். பூனை அலர்ஜிக்காரர் கதவைத் திறந்து உள்ளே வந்த சில நிமிடங்களில் தும்முவதும், உண்ணி அலர்ஜிக்காரர் படுத்து எழுந்த பிறகு தும்முவதும் இதனால்தான். காற்றுச் சுத்திகரிப்பான் ஒருவருக்கு உதவி இன்னொருவருக்கு உதவாமல் போவதற்கும் இதுவே காரணம்.

துடைப்பதற்கு முன் விசாரியுங்கள். வீட்டுக்காரரிடம் முந்தைய குடித்தனக்காரர் நாய், பூனை வளர்த்தாரா, எங்காவது தண்ணீர் கசிந்ததா, கடைசியாக எப்போது வண்ணம் அடித்தார்கள் என்ற மூன்றையும் நேராகவே கேட்கலாம். புது வண்ணம் நல்ல செய்தியாகவும் இருக்கலாம், ஓதம் ஏறிய சுவரை மறைக்க அடித்ததாகவும் இருக்கலாம். சுவரின் கீழ்ப்பகுதியை விரலால் அழுத்திப் பாருங்கள், உப்புப் பூத்து வண்ணம் பொரிந்தால் சந்தேகம் உறுதி. சிங்க்கின் கீழ், அலமாரிக் கீல்களின் மூலை, ஃப்ரிட்ஜ் நின்ற இடத்துச் சுவர் ஆகியவற்றில் ஒரு மில்லிமீட்டர் அளவிலும் அதற்குக் குறைவாகவும் கறுப்புப் புள்ளிகள் திட்டாக இருந்தால் கரப்பான் எச்சம். இருட்டில் புறஊதா டார்ச் அடித்தால் வளர்ப்புப் பிராணிகளின் பழைய சிறுநீர்க் கறை ஒளிரும். சலவைத்தூள் மிச்சமும் ஒளிரும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். புது வண்ணம், பிளைவுட் பசை ஆகியவற்றின் நெடியில் கண் எரிவது வேறு சங்கதி. அது எரிச்சலூட்டும் வாயு, புரதத்தால் வருவதல்ல. ஜன்னலைத் திறந்துவைத்து நாட்கள் போனால் குறையும், துடைத்தால் குறையாது.

வேலை வரிசையில் கரப்பான்தான் முதலில் வர வேண்டும், ஏனென்றால் அதற்குத்தான் நாள் பிடிக்கும். சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்கையும் உணவுத் துணுக்குகளையும் துடைத்தெடுத்துவிட்டு, ஜெல் மருந்தை 2, 3 மில்லிமீட்டர் பொட்டுகளாகக் கீல்களின் உட்பக்கம், குழாய் சுவருக்குள் நுழையும் இடம், சிங்க்கின் அடிப்பகுதி ஆகியவற்றில் வையுங்கள். பிசுக்கு மிச்சமிருந்தால் கரப்பான் அதைத் தின்றுவிட்டு ஜெல்லைத் திரும்பிப் பார்க்காது. ஜெல் வைத்த இடத்தருகே ஸ்பிரே அடிப்பதும் அதே அளவு கெடுதல், நெடிக்கு விலகிப் போய்விடும். வீடு முழுக்கப் புகை மருந்து போடுவது எனக்கு வீண் என்றே படுகிறது. பூச்சி இருக்கும் பிளவுக்குள் புகை போதுமான அளவில் போவதில்லை, போன கொஞ்சமும் அவற்றை அடுத்த அறைக்கு விரட்டுகிறது. முட்டைக்கூடுகள் மருந்துக்குத் தப்பிப் பிறகு பொரிக்கும் என்பதால், ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை பொட்டு வைக்க வேண்டியிருக்கும். கரப்பான் ஒழிந்த பிறகும் எச்சமும் உதிர்ந்த தோலும் மாதக்கணக்கில் அலர்ஜி தரும். அலமாரித் தட்டுகளைக் கழற்றி, பிளவுகளை வேக்குவத்தின் ஒடுங்கிய முனையால் உறிஞ்சி, சோப்புநீரால் துடைத்து, கடைசியில் பிளவை சிலிகானால் அடைத்தால்தான் அந்த வேலை முடிந்தது.

அடுத்தது பொதுவான சுத்தம். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது என்பது முதல் விதி. தரையில் படிந்திருந்ததைப் பெருக்கிக் காற்றில் ஏற்றினால் சிறு துகள்கள் மறுபடி எல்லாப் பரப்பிலும் படியும். வேக்குவம் கிளீனரில் மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் இருந்தால் மட்டும் போதாது, உறிஞ்சும் காற்று முழுவதும் அதன் வழியாகவே வெளியேற வேண்டும். மூடி சரியாகப் பொருந்தாத கருவியில் காற்று இடுக்கு வழியாகத் தப்பி, பின்புறமாகத் தூசியைப் பீய்ச்சும். கருவியை ஓட்டிவிட்டு அதன் பின்பக்கக் காற்றில் ஈரமான வெள்ளைத் துணியைச் சில நிமிடம் பிடித்துப் பாருங்கள், சாம்பல் நிறம் ஏறினால் அந்தக் கருவி வேண்டாம். தூசிப் பையை வீட்டுக்கு வெளியே மாற்றுங்கள், அதுவும் அலர்ஜி இல்லாதவர் கையால். ஆஸ்துமா உள்ளவர் இந்த நாட்களில் வீட்டில் இல்லாமலிருப்பதே மேல். தவிர்க்க முடியாவிட்டால் என்95 முகமூடி போட்டுக்கொள்ளட்டும்.

அறைக்குள் மேலிருந்து கீழே வாருங்கள்: கூரை, ஃபேன் இறக்கைகளின் மேற்பக்கம், கதவின் மேல்விளிம்பு, ஜன்னல் வலை, பிறகு சுவர், கடைசியில் தரை. சுவரைத் துடைக்கும்போது மட்டும் கீழிருந்து மேலே போவது நல்லது. அழுக்கான உலர்சுவரில் மேலிருந்து வழியும் நீர் கோடு கோடாகக் கறை விடும். 5 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 15, 20 மில்லி திரவ சோப்பு போதும். இந்தப் புரதங்களில் பெரும்பாலானவை நீரில் கரைபவை என்பதால் கடுமையான ரசாயனம் தேவைப்படுவதில்லை. ஆனால் கரைந்தது துணியில் ஏறி வாளிக்கு வருகிறது, அதே வாளியில் நனைத்து அடுத்த சுவரைத் துடைத்தால் அங்கே பூசுகிறோம். அலச ஒரு வாளி, சோப்புநீருக்கு ஒரு வாளி என்று வைத்து, அறைக்கு ஒரு முறை இரண்டையும் மாற்றுங்கள். நீரில் கரையும் வகை வண்ணமா என்று முதலில் ஒரு மூலையில் சோதித்துக்கொள்ளுங்கள். பூனை இருந்த வீட்டில் சுவரைக் கழுவிய பிறகு வீட்டுக்காரர் ஒரு பூச்சு வண்ணம் அடிக்கச் சம்மதித்தால், கழுவலில் தப்பியதும் அதன் அடியில் சிறைப்பட்டுவிடும். கழுவாமல் அடிப்பதில் லாபம் குறைவு, வண்ணமும் சரியாகப் பிடிக்காது. ஏசி ஃபில்டரைக் கழற்றிக் கழுவுவதோடு, உள்ளே தெரியும் உலோகத் தகடுகளையும் நீர் வடியும் தட்டையும் பாருங்கள். அங்கே பூஞ்சை இருந்தால் ஃபில்டர் கழுவியும் பயனில்லை, சர்வீஸ் ஆள் திறந்து கழுவ வேண்டும்.

தரையோடு ஒட்டிய கார்ப்பெட்தான் வாடகை வீட்டின் பெரிய தலைவலி. எடுத்துவிட முடியுமா என்று கேளுங்கள், அது முடிந்தால் வேறு எந்த முயற்சியும் ஈடில்லை. முடியாதென்றால் ஹெப்பா வேக்குவத்தை ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நிமிடமாவது, இரு திசைகளிலும் மெதுவாக ஓட்டுங்கள். நீராவிக் கருவி உண்ணியைக் கொல்லும், ஆனால் கழிவு உள்ளேயே இருக்கும் என்பதால் காய்ந்தபின் மறுபடி உறிஞ்ச வேண்டும். ஈரச் சலவை செய்தால் ஒரு நாளைக்குள் முழுக்கக் காய வைக்க வேண்டும், இல்லையென்றால் உண்ணிக்கும் பூஞ்சைக்கும் நாமே தண்ணீர் ஊற்றியதாகிவிடும். டானிக் அமிலக் (tannic acid) கரைசல் தெளித்தால் புரதத்தின் வடிவம் குலையும் என்பது உண்மைதான். ஆனால் உண்ணிகள் மறுபடி புதிதாக உற்பத்தி செய்யும், வெளிர் நிற விரிப்பில் கறையும் விழும்.

பூஞ்சையில் கறையைத் துடைப்பதைவிட நீர் எங்கிருந்து வருகிறது என்பது முக்கியம். கசிவை அடைக்காமல் துடைத்தால் சில வாரங்களில் அதே இடத்தில் திரும்பும். ஓடு, கண்ணாடி, உலோகம் போன்ற நீர் உறிஞ்சாத பரப்பில் சோப்புநீரும் தேய்ப்பும் போதும். ஜிப்சம் பலகை, அட்டை, பஞ்சு போன்றவற்றில் இழைகள் உள்ளே வேர்விட்டிருக்கும், அவற்றை வெட்டியெடுத்து மாற்றுவதே வழி. பிளீச்சிங் திரவம் மேலே வெளுக்கும், உள்ளே போகாது. செத்த வித்துகளும் அலர்ஜி தருவதால் வெளுத்தது சுத்தமானது என்று ஆகிவிடாது. பிளீச்சிங்கை அமிலக் கழுவியோடோ அம்மோனியாவோடோ கலந்தால் மூச்சைத் திணறடிக்கும் நச்சு வாயு எழும், அதை எந்தக் காரணத்துக்கும் செய்ய வேண்டாம். ஒரு சதுர மீட்டருக்கு மேல் பரவிய பூஞ்சை உங்கள் வேலை அல்ல, வீட்டுக்காரர் ஆள் வைத்துச் செய்ய வேண்டியது. படம் எடுத்து, தேதியோடு எழுத்தில் தெரிவியுங்கள்.

தூசு உண்ணியைப் பற்றி ஒரு உண்மை வேலைக்குதவும்: அது பெரும்பாலும் உங்களோடுதான் வருகிறது. வீட்டுத் தூசியின் அலர்ஜிக்கு உண்ணியே காரணம் என்று நெதர்லாந்தின் லெய்டனில் ஃபோர்ஹார்ஸ்ட்டும் ஸ்பீக்ஸ்மாவும் 1964-ல் முன்வைத்தார்கள். அதன் கழிவுத் துகள்தான் முக்கிய மூலம் என்பது 1981-ல் வெளியான ஆய்வில் தெளிவானது. உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலுள்ள ஈரத்தை உடலால் உறிஞ்சுகிறது. காற்றின் ஈரப்பதம் நாள்கணக்கில் 50 சதவீதத்துக்குக் கீழே நின்றால் உலர்ந்து சாகும். ஆகவே கழுவிய வீட்டுக்குப் பழைய மெத்தையைக் கொண்டுவந்து போடுவதற்கு முன் அதை நெருக்கமான நெசவுள்ள, ஜிப் வைத்த உறையால் ஆறு பக்கமும் மூடுங்கள். 10 மைக்ரானுக்கும் குறைவான துளை உண்ணியின் கழிவைத் தடுக்கும், பூனைப் புரதத்துக்கு 6 மைக்ரான் வேண்டும். தலையணைக்கும் அதே உறை. விரிப்புகளை வாரம் ஒரு முறை 60 டிகிரி செல்சியஸில் துவைத்தால் உண்ணி சாகும், புரதமும் கரைந்து போகும். குளிர்ந்த நீர் புரதத்தைக் கழுவும், உண்ணியை விட்டுவிடும். துவைக்க முடியாத பொம்மைகளையும் குஷன்களையும் பையில் கட்டி மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு நாள் வைக்கலாம், ஆனால் எடுத்தபின் உறிஞ்சியோ அலசியோ கழிவை நீக்க வேண்டும். ஈரப்பதமானி ஒன்றை வாங்கிப் படுக்கையறையில், வெளிச்சுவரை ஒட்டி வையுங்கள். குளிர்ந்த சுவரருகே ஈரப்பதம் அறையின் நடுவைவிட அதிகமாக இருக்கும், அதனால்தான் சுவரோடு ஒட்டிய அலமாரியின் முதுகில் பூஞ்சை பிடிக்கிறது. அலமாரியைச் சுவரிலிருந்து 5 சென்டிமீட்டராவது தள்ளி நிறுத்துங்கள்.

காற்றுச் சுத்திகரிப்பான் பூனைப் புரதத்துக்கும் பூஞ்சை வித்துகளுக்கும் பயன்படும். ஹெப்பா ஃபில்டர் 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் என்று எழுதியிருப்பார்கள். அதைவிடச் சிறியவை தப்பிவிடும் என்று அதற்குப் பொருளில்லை. பெரிய துகள் காற்றோடு வளையாமல் இழையில் மோதி நிற்கிறது, மிகச் சிறியது காற்றின் மூலக்கூறுகள் முட்டித்தள்ளத் தடுமாறி இழையைத் தொட்டுவிடுகிறது. இரண்டும் சரியாக வேலை செய்யாத இடம் 0.3 மைக்ரான் அருகே இருப்பதால் அங்கே சோதிக்கிறார்கள், அதைவிடப் பெரியதும் சிறியதும் இன்னும் எளிதில் சிக்கும். கருவியைத் தேர்ந்தெடுக்க அறையின் கன அளவைக் கணக்கிடுங்கள். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்றால் 36 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்றை வடிகட்ட 180 கன மீட்டர் சுத்தக் காற்று தரும் கருவி வேண்டும், அதுவும் நீங்கள் சத்தத்தைத் தாங்கித் தூங்கக்கூடிய வேகத்தில். ஓசோன் உமிழும் கருவிகளை வீட்டுக்குள் விடாதீர்கள், ஓசோன் நுரையீரலைத்தான் முதலில் புண்ணாக்கும்.

இத்தனைக்குப் பிறகும் தும்மல் நிற்காவிட்டால் அது வரும் நேரத்தையும் இடத்தையும் இரண்டு வாரம் குறித்துவையுங்கள். விடியற்காலையில் படுக்கையில் என்றால் மெத்தையின் உறையில் கிழிசல் இருக்கலாம், அல்லது தலையணை விடுபட்டிருக்கும். ஏசி போட்ட சில நிமிடங்களில் என்றால் உள்ளே பூஞ்சை. ஹாலின் சோபாவில் உட்கார்ந்தால் மட்டும் என்றால் சோபா வீட்டுக்காரருடையதா, அதில் முன்பு யார் படுத்திருந்தது என்று கேளுங்கள். எந்த ஒழுங்கும் தென்படவில்லையென்றால் மறுபடி வீட்டைக் கழுவுவதற்கு முன் மருத்துவரிடம் தோல் பரிசோதனையோ ஐஜிஇ ரத்தப் பரிசோதனையோ செய்துகொள்ளுங்கள். உண்ணி அலர்ஜியே இல்லாதவர் மெத்தை உறைக்குச் செலவழிப்பதும், மகரந்த அலர்ஜிக்காரர் காற்றோட்டம் வேண்டுமென்று நாள் முழுக்க ஜன்னலைத் திறந்துவைப்பதும் அப்போது தவிர்ந்துவிடும்.