கல்லின் துளைக்குள் குடியிருக்கும் பாசி

மொரீசியஸ் எரிமலைக் குழம்பிலிருந்து உருவான தீவு என்பதால், இங்கே முற்றத்துப் பூச்செடிகளைச் சுற்றி அடுக்குகிற கல்லும் மீன்தொட்டிக்குள் இடுகிற கல்லும் பெரும்பாலும் கறுத்த பசால்ட்தான். குழம்பு இறுகியபோது அதற்குள் சிக்கிக்கொண்ட வாயுக் குமிழிகள் விட்டுச்சென்ற சிறு துளைகள் அக்கல்லில் நிறைய உண்டு. பிரஷ் தேய்ந்து போகும்வரை தேய்த்தாலும், அடுத்த மழைக்குப் பாசி திரும்பிவிடுவதற்கு இத்துளைகளே காரணம்.

பாசி என்று நாம் பொதுவாகச் சொல்வதில் உண்மையான பச்சைப்பாசியும் உண்டு; நீலப்பச்சைப்பாசி என்ற பெயரில் வழங்கும் பாக்டீரியாவும் உண்டு. இவ்வுயிர்கள் சர்க்கரை மூலக்கூறுகளின் நீண்ட சங்கிலிகளாலான கூழ் ஒன்றைச் சுரந்து, அதனால் கல்லோடு ஒட்டிக்கொள்கின்றன. காலை வழுக்கிவிடுவது அந்தக் கூழ்தான். வெயில் நாளில் ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதும் அதுவே. கியூர்பிப் போன்ற ஈரம் மிகுந்த மேட்டுநிலத்தில், கல்லின் தென்முகத்தைத் தொட்டுப் பார்த்தால் இது விளங்கும். தமிழ்நாட்டைப்போல் அல்லாமல், இங்கே ஆண்டின் பெரும்பகுதியில் சூரியன் வடக்கே சாய்ந்து செல்வதால், தென்முகம் தாமதமாகவே உலர்கிறது.

துளைக்குள் பிரஷ் நுழையாது, திரவம் நுழையும். மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை, நிழலில் வைத்த கல்மீது ஊற்றிக் கவனித்தால், சிறிது நேரத்தில் துளைகளிலிருந்து வெண்ணுரை பொங்கிவரும். பாசியின் செல்கள் தம்மைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் கேட்டலேஸ் என்னும் நொதி, பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிப்பதன் விளைவே அந்த நுரை. ஊற்றிய அளவு நொதியின் சக்தியை மிஞ்சும்போது, எஞ்சிய பெராக்சைடு செல்சவ்வையும் பச்சையத்தையும் சிதைக்க, பச்சை வெளிறுகிறது. பிறகு பிரஷால் தேய்த்தால், பிடிப்பு தளர்ந்த கூழ் எளிதில் உரிந்து வரும்.

இங்கே ஜாவெல் என்று கேட்டு வாங்கும் வெளுப்பு நீரும் பாசியைக் கொல்லும். ஆனால் அதிலுள்ள குளோரின் துளைகளுக்குள் தங்கி, பின்னர் தொட்டி நீரில் கசிந்து மீன்களைக் கொல்லக்கூடும் என்பதால், துளைக்கல்லுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. அதை வினிகருடன் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். ஒருபோதும் கலக்கக் கூடாது. வினிகர் தனியாகப் பசால்ட்டை அவ்வளவாகப் பாதிக்காது. பவளத் துண்டையும் சுண்ணக்கல்லையுமோ நுரைக்க நுரைக்கக் கரைத்துவிடும்.

மீன்தொட்டிக் கற்களை ஒரே நாளில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கழுவுவது வேறொரு தொல்லையைக் கொண்டுவரும். மீன்கழிவிலிருந்து வரும், மீன்களுக்கே நஞ்சான அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களும் அதே துளைகளில்தான் வாழ்கின்றன. பெராக்சைடு அவற்றையும் விட்டுவைப்பதில்லை. ஆகவே இந்த வாரம் பாதிக் கற்கள், மீதியைச் சில வாரங்கள் கழித்து என்று பிரித்துக் கழுவி, ஒவ்வொரு முறையும் நன்றாக அலசிய பிறகே தொட்டிக்குள் திரும்ப வைக்க வேண்டும்.