சாமக்கொடையைப் பதிவு செய்ய எந்த வீடியோ கேமரா ஏற்றது?

திருநெல்வேலிச் சீமையில் வீட்டு வீடியோ எடுப்பதற்குக் காதுகுத்து, சடங்கு, கல்யாணம், ஆனித் தேரோட்டம், குற்றாலச் சாரல் என்று பல தருணங்கள் உண்டு. இருந்தாலும் ஒரு கேமராவின் உண்மையான திறனைக் காட்டிக்கொடுப்பது ஊர்க்கோயில் கொடை என்னும் திருவிழாதான். சுடலைமாடன் கோயிலில் சாமக்கொடை நடக்கும் நள்ளிரவில் பந்தலுக்குள் டியூப்லைட்டும் சீரியல் செட்டும் எரிய, வெளியே இருட்டு சூழ்ந்திருக்க, நடுவே தீப்பந்தத்தோடு சாமியாடி நிற்க, பக்கத்தில் நையாண்டி மேளம் முழங்கிக்கொண்டிருக்கும். இந்த இரவைத் தெளிவாகப் பதிவு செய்யும் கேமராவுக்குப் பகல் வெயிலில் நடக்கும் எதுவும் கடினமில்லை. பகலில் நன்றாக எடுக்கும் கேமராக்களில் பல இந்த இரவில் தோற்றுவிடுகின்றன. ஆகவே கையடக்க வீடியோ கேமரா வாங்குவோர், பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் ஜூம் மடங்கையும் மெகாபிக்சலையும் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, லென்ஸ் வளையத்திலும் கையேட்டிலும் சிறிய எழுத்தில் இருக்கும் இரண்டு எண்களை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அவற்றுள் ஒன்று மில்லிமீட்டரில் சொல்லப்படும் குவியத் தூரம். மற்றது எஃப் எண். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால், ஒளி உள்ளே நுழையும் துளையின் விட்டம் கிடைத்துவிடும். சோனி சிஎக்ஸ்405 என்ற சிறிய கேமராவின் குவியத் தூரம் 1.9 முதல் 57 மி.மீ. வரை, எஃப் எண் 1.8 முதல் 4 வரை. ஜூம் செய்யாத நிலையில் 1.9ஐ 1.8ஆல் வகுத்தால் விடை ஏறத்தாழ 1 மி.மீ. தான். பந்தலின் மங்கிய ஒளி முழுவதும் அந்த ஒரு மில்லிமீட்டர் துளை வழியாகவே வந்தாக வேண்டும். அதே நிறுவனத்தின் ஏஎக்ஸ்53 கேமராவில் இந்த எண்கள் 4.4 மி.மீ., எஃப் 2 என்பதால் துளையின் விட்டம் 2.2 மி.மீ. ஆகிறது. இரண்டு கேமராக்களும் காட்டும் காட்சியின் அகலம் ஒன்றே. ஆனால் விட்டம் இரண்டு மடங்கானால் துளையின் பரப்பு நான்கு மடங்காகும் என்பதால், பின்னது நான்கு மடங்குக்கும் சற்று அதிகமான ஒளியைத் திரட்டுகிறது.

ஒளி குறைந்தால் படம் இருண்டு போவதோடு தொல்லை முடிவதில்லை. ஒளி என்பது தனித்தனித் துகள்களாக, சீரற்ற முறையில் வந்து விழுவது. ஆகவே ஒளியைப் படமாக்கும் சில்லான சென்சாரின் ஒவ்வொரு புள்ளியிலும் விழும் துகள்களின் எண்ணிக்கை கணத்துக்குக் கணம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். துகள்கள் ஏராளமாக இருக்கும்போது இந்த ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவை நான்கில் ஒரு பங்காகக் குறையும்போது, படத்தோடு ஒப்பிட ஏற்ற இறக்கம் இரண்டு மடங்காகத் தெரிகிறது. இருட்டில் எடுத்த வீடியோவில் மொய்க்கும் புள்ளிகள் இவைதாம். வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறைகள், பிரேம் எனப்படும் தனிப்படங்களில் ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் இடையே மாறியவற்றை மட்டுமே பதிவு செய்து இடத்தை மிச்சப்படுத்துபவை. இப்புள்ளிகளோ பிரேமுக்குப் பிரேம் மாறுவதால், அவற்றைப் பதிவு செய்வதிலேயே கொள்ளளவு கரைந்து, பாட்டியின் முகச்சுருக்கங்கள் மெழுகு பூசியது போல மழுங்கிவிடுகின்றன.

இன்றைய நல்ல கைபேசிகளின் முதன்மை லென்ஸில் இதே துளை 3 மி.மீ. அளவுக்கு இருக்கிறது. ஆதலால் பந்தலுக்குள் அருகில் நின்று எடுப்பதற்குக் கைபேசியே மேல் என்று நான் தயங்காமல் சொல்வேன். கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்று எடுக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. அந்தச் சிறிய சோனி கேமராவில் ஜூமை முழுவதும் நீட்டினால் 57 வகுத்தல் 4, அதாவது 14 மி.மீ. துளை கிடைக்கிறது. கைபேசியின் முதன்மை லென்ஸோ நீளாமல், எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கித் தருகிறது. ‘டிஜிட்டல் ஜூம்’ என்று பெட்டியில் எழுதியிருப்பதும் இதே வேலைதான். எனவே கேமரா வாங்கும்போது லென்ஸே நகர்ந்து பெரிதாக்கும் ஆப்டிகல் ஜூமை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும்.

ஜூம் நீள நீளக் கைநடுக்கமும் பெரிதாகிறது. 30 மடங்கு ஜூமில் சிஎக்ஸ்405 பார்க்கும் அகலம் இரண்டரைப் பாகைதான். கை 0.1 பாகை அசைந்தாலும் படம் தன் அகலத்தில் 4 விழுக்காடு நகர்ந்துவிடும். ரத வீதியில் தேர் பார்க்கும் நெரிசலில் அசையாத கை யாருக்கும் இருக்காது. ஆப்டிகல் முறையிலான நடுக்கத் தடுப்பில், உள்ளிருக்கும் உணரிகள் அசைவை அறிந்து லென்ஸின் ஒரு பகுதியை எதிர்த்திசையில் நகர்த்துகின்றன. ஏஎக்ஸ்53 போன்றவற்றில் லென்ஸும் சென்சாரும் ஒன்றாகவே மிதந்து திரும்புகின்றன. மின்னணு முறை படத்தின் ஓரங்களை வெட்டிச் சமாளிப்பதே.

வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்த கேமராவானால் இன்னொன்றையும் பார்த்தாக வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சாதாரண டியூப்லைட்டும் மலிவான சீரியல் செட்டுகள் பலவும் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. ஒளியை உள்ளே விடும் ஷட்டர் 1/50 நொடி திறந்திருந்தால் ஒவ்வொரு பிரேமிலும் சரியாக இரண்டு மினுக்கங்கள் அடங்கும்; 1/60 நொடியானால் ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவாக அடங்குவதால், பிரேமுக்குப் பிரேம் வெளிச்சம் ஏறி இறங்கிப் படம் துடிக்கும். அமெரிக்கச் சந்தைக்கான கேமராக்கள் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஏற்ப 30 அல்லது 60 பிரேம்களில் இயங்குகின்றன. அமைப்புகளில் பால் (PAL) முறைக்கு, அதாவது 25 அல்லது 50 பிரேமுக்கு மாற்றிக்கொள்ளும் வசதியோ, ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று நிறுத்திவைக்கும் வசதியோ இல்லையென்றால் அக்கேமராவை இங்கே இரவில் பயன்படுத்துவது வீண்.

ஒலியைப் பற்றி விற்பவர்கள் பேசுவதே இல்லை. கேமரா தானாகவே ஒலி அளவைச் சரிசெய்யும்போது, தவில் அறைந்தவுடன் மொத்த ஒலியையும் தாழ்த்திவிட்டுப் பிறகு மெல்ல உயர்த்துகிறது. அந்த இடைவெளியில் வில்லுப்பாட்டுப் புலவரின் சொல் அமுங்கிப் போகிறது. மைக்கின் எல்லையை மீறிப் பதிவான ஒலியைப் பின்னால் எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியாது. எனவே மைக் அளவைக் கையால் குறைக்கும் வசதியும், வெளி மைக் செருகும் துளையும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சிஎக்ஸ்405இல் அந்தத் துளை இல்லை. தென்காசிப் பக்கத்து ஆடிக் காற்றுக்கு மைக்கின் மேல் பஞ்சு உறையும் வேண்டும்.

பதிவு நேரத்தைப் பொறுத்தவரை, சற்றுப் பழைய புகைப்படக் கேமராக்கள் பல 30 நிமிடத்துக்குள் தாமாகவே நின்றுவிடுகின்றன; ஐரோப்பாவில் அதற்கு மேல் பதிவு செய்யும் கருவிகளுக்கு முன்பு விதித்திருந்த சுங்க வரியே அதற்கு ஒரு காரணம். வீடியோ கேமராக்களுக்கு அந்தத் தடை இல்லை. நொடிக்கு 28 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேர வீடியோ 12.6 ஜிபி பிடிக்கும். 100 மெகாபிட் 4கே வீடியோ 45 ஜிபி பிடிக்கும். பின்னதற்கு, வேகமாகப் பதியும் என்பதைக் காட்டும் யு3 குறியுள்ள கார்டு வாங்குவது நல்லது.

கடையின் பளீர் விளக்கில் எல்லாக் கேமராவும் நன்றாகவே எடுக்கும். அங்கே விளக்கு குறைந்த ஒரு மூலையை நோக்கி, 50 பிரேமில், ஜூமைச் சுருக்கி ஒரு நிமிடமும் முழுவதும் நீட்டி ஒரு நிமிடமும் பதிவு செய்யச் சொல்லுங்கள். அதைக் கேமராவின் சிறிய திரையில் பார்க்காமல், கடையிலுள்ள பெரிய டிவியில் இணைத்து ஒலியோடு பார்த்த பிறகு விலையைப் பேசுங்கள்.