இயங்குபுரதமா, இயக்குபுரதமா?

முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை போகும் நரம்புச் செல்லின் ஆக்சான் என்னும் நீண்ட இழை ஏறக்குறைய 1 மீட்டர் நீளம் இருக்கும். அந்த நுனியில் வேலை செய்யும் புரதங்களில் பெரும்பாலானவை மேலே, செல்லின் உடலில்தான் உருவாகின்றன. அவை தானாக மிதந்து நுனிக்கு வந்து சேரட்டும் என்று விட்டுவிட்டால், ஒரு மனித ஆயுள் போதாது. அதனால் செல் அவற்றைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வைத்திருக்கிறது. அந்த ஆட்களைத்தான் 'மோட்டார் புரதங்கள்' என்று எழுதுகிறோம்.

இந்தப் பாதித் தமிழ்ச் சொல் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. மோட்டார் என்றதும் நம் மனதில் வருவது சுழலும் இயந்திரம். நரம்புக்குள் இருக்கும் இவையோ சுழல்வதில்லை, நடக்கின்றன. கினெசின் என்ற புரதத்துக்குக் கால் போல இரண்டு 'தலைகள்' உண்டு. நுண்குழல் என்னும் பாதையின் மேல் அவற்றை மாற்றி மாற்றி வைத்துப் போகிறது. ஓர் அடிக்கு 8 நானோமீட்டர், ஓர் அடிக்கு, செல்லின் எரிபொருளான ஏடிபியில் ஒரு மூலக்கூறு செலவு. நுண்குழலைக் கட்டியிருக்கும் டியூபுலின் செங்கற்களின் இடைவெளியும் அதே 8 நானோமீட்டர்தான். படிக்குப் படி கால் வைத்து ஏறுவது போலத்தான்.

சரி, சொல்லுக்கு வருவோம். மோட்டார் என்பது இலத்தீன் வேரிலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள் 'அசைப்பவர், நகர்த்துபவர்' என்பதுதான். சுழற்சி பின்னால் ஒட்டிக்கொண்டது. கினெசினின் வேர் கிரேக்கத்தில் 'நகர்த்து' என்று பொருள்படும் 'கினெய்ன்'. சினிமா என்று நாம் தினம் சொல்லும் சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். இன்னொரு பெரிய நடையாளியான டைனீனுக்கு 1965இல் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் விசையின் அலகான 'டைன்' என்பதிலிருந்து வந்தது. ஆக, மூன்று பெயர்களிலும் இருப்பது 'நகர்கிறது' என்ற பொருள் அல்ல. 'நகர வைக்கிறது' என்ற பொருள்.

இந்த வேறுபாட்டைத் தமிழ் மிக எளிதாகக் காட்டிவிடும். இயங்கு என்பது தன்வினை, இயக்கு என்பது பிறவினை. தான் நகர்ந்தால் இயங்குகிறது, இன்னொன்றை நகர்த்தினால் இயக்குகிறது. நாம் பேசும் புரதம் இரண்டையும் செய்கிறது என்பதால்தான் குழப்பம். செல்லுக்குள் பார்த்தால் கினெசின் தானே நடக்கிறது, 'இயங்குபுரதம்' என்று சொல்லத் தோன்றும். ஆனால் 1985இல் ரொனால்ட் வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் மூவரும் கணவாய் மீனின் பெரிய ஆக்சானிலிருந்து அதைப் பிரித்தெடுத்தபோது கண்டது வேறு காட்சி. கண்ணாடித் தகட்டில் புரதம் ஒட்டிக்கொண்டு நின்றது. ஏடிபி கிடைத்ததும் அதன் மேலிருந்த நுண்குழல்கள் வழுக்கிக்கொண்டு ஓடின. நகர்ந்தது பாதை; நகர்த்தியது புரதம். நடப்பவரைத் தலைகீழாகப் படுக்க வைத்துக் காலில் ஒரு பலகையைக் கொடுத்தால் பலகை ஓடுமே, அப்படி.

ஆகவே 'இயக்குபுரதம்' என்பதே சரி என்று நினைக்கிறேன். வினைத்தொகையாக இருப்பதால் நடுவில் 'ப்' வராது. வினைத்தொகையைக் காலம் கரந்த பெயரெச்சம் என்று இலக்கணம் சொல்லும். இயக்கிய, இயக்குகிற, இயக்கும் என்ற மூன்றும் அதற்குள் அடங்கும். இங்கே அது வெறும் இலக்கண அழகு அல்ல. இந்தப் புரதங்கள் வாழ்நாளில் கணிசமான நேரம் வேலையே செய்யாமல் சுருண்டு கிடக்கின்றன. அப்போதும் அவற்றுக்குப் பொருந்துகிற பெயர் வேண்டுமல்லவா? 'கடத்துபுரதம்' என்றும் சொல்லிப் பார்க்கலாம்தான், ஆனால் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் போன்றவற்றுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது.

சுருண்டு கிடப்பது என்றேனே, சரக்கைத் தேர்ந்தெடுக்கும் கதை அங்கேதான் தொடங்குகிறது. கினெசினின் வால் மடங்கி வந்து அதன் தலைகளைப் பிடித்துக்கொள்ளும். அந்த நிலையில் அது நடக்காது, ஏடிபியையும் வீணாக்காது. வால் பக்கம் சுமை வந்து இணையும்போதுதான் மடிப்பு விரிகிறது, தலைகள் விடுபடுகின்றன. சுமை ஏறினால்தான் நடை.

இந்த இடத்தில் இன்னொரு சொல் தேவைப்படுகிறது. ஆங்கிலத்தில் கார்கோ என்ற ஒரே சொல்லை வைத்துச் சமாளிக்கிறார்கள். நமக்குச் சரக்கு, சுமை என்று இரண்டு உண்டு. சரக்கு தனியாகக் கிடக்கலாம். யாராவது தூக்கினால்தான் அது சுமை. செல்லின் உடலில் காத்திருக்கும், ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா சரக்கு, கினெசினோடு பிணைந்த பிறகு சுமை. எழுதுபவர்கள் இரண்டையும் பிரித்து வழங்கினால், எந்தக் கட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும்.

பெரும்பாலும் இயக்குபுரதம் சரக்கை நேராகப் பிடிப்பதில்லை. நடுவில் ஓர் 'இணைப்புப் புரதம்' நிற்கும். மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் மிரோ என்ற புரதம் பதிந்திருக்கிறது. அதை ட்ராக் என்ற இணைப்புப் புரதம் பிடித்து, மறுகையால் கினெசினைப் பிடித்துக்கொள்கிறது. மிரோ கால்சியத்தை உணரும் புரதம். இரண்டு நரம்புச் செல்கள் சந்திக்கும் சினாப்ஸ் மும்முரமாக வேலை செய்யும் இடத்தில் கால்சியம் கூடும்; அது மிரோவில் ஏறியதும் மைட்டோகாண்ட்ரியா அங்கேயே நின்றுவிடும். ஆற்றல் தேவைப்படும் இடத்திலேயே ஆற்றல் தரும் உறுப்பு இறங்கிக்கொள்கிறது! எதைத் தூக்குவது என்பதோடு எங்கே இறக்குவது என்பதும் அந்த இணைப்பிலேயே எழுதியிருக்கிறது. இதைப் படித்த நாளில் நான் வெகுநேரம் வேறெதையும் யோசிக்கவில்லை.

எல்லாச் சரக்குக்கும் இதே வழி இல்லை. சினாப்ஸுக்கான பைகளின் முன்வடிவங்களைக் கொண்டுபோகும் கிஃப்1ஏ என்ற கினெசின் வகை, பையின் சவ்வில் உள்ள ஒரு கொழுப்பு மூலக்கூறையே அடையாளமாகக் கண்டு பிடித்துக்கொள்ளும். கிரிப்1 என்ற இணைப்புப் புரதம் இன்னும் ஒரு படி மேலே. அது குளூட்டமேட் என்னும் நரம்புச் செய்தி வேதிப்பொருளை வாங்கும் ஏற்பிகளைக் கினெசினோடு கோப்பதுடன், அந்தக் கினெசினை ஆக்சான் பக்கம் விடாமல், செய்தி வாங்கும் கிளையான டெண்ட்ரைட் பக்கம் திருப்பியும் விடுகிறது. ஓட்டுநர் யார் என்ற கேள்வியை அங்கே கொஞ்சம் மாற்றித்தான் கேட்க வேண்டும்.

மனிதரில் கினெசின் குடும்பத்துக்கு 45 மரபணுக்கள். நுனியிலிருந்து செல்லின் உடலை நோக்கித் திரும்பும் சுமைகளுக்கோ, பெரும்பாலும் ஒரே ஒரு வகைச் சைட்டோபிளாச டைனீன்தான். அவ்வளவு விதமான சரக்கை ஒரே ஆள் எப்படித் தேர்வு செய்கிறது? அங்கேயும் விடை இணைப்புப் புரதங்கள்தான். டைனீன், அதற்குத் துணை நிற்கும் புரதக் கூட்டமான டைனாக்டின், ஓர் இணைப்புப் புரதம் மூன்றும் சேர்ந்தால்தான் பாலூட்டிகளின் டைனீன் நெடுந்தூரம் நடக்கிறது என்பது 2014இல் தெளிவானது. பிக்டி2, ஹூக் என்று இணைப்புப் புரதம் மாற மாற, சுமையும் மாறும். பிக்டி2 மரபணுவில் பிழை நேர்ந்தால் தண்டுவட நரம்புச் செல்கள் பாதிக்கப்பட்டு, கால் தசைகள் பலவீனமாகும் நோய் ஒன்று வருகிறது.

அப்புறம், டைனீன் எப்படி நுனிக்குப் போய்ச் சேர்ந்தது? அது நடப்பது உள்நோக்கிய திசையில் மட்டும்தானே. அதையும் கினெசின்தான் தூக்கிக்கொண்டு போகிறது. வெளியே போகும் வழியெல்லாம் டைனீன் வெறும் சுமை. நுனியில் இறங்கி, டைனாக்டினோடும் ஓர் இணைப்புப் புரதத்தோடும் சேர்ந்து தன் சரக்கைப் பிடித்த பிறகுதான் அது இயக்குபுரதமாகத் திரும்பி நடக்கத் தொடங்குகிறது.